மான்டே ரோசா ஹோட்டல், செர்மாட்

மான்டே ரோசா ஹோட்டல், சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில் உள்ள செர்மாட் என்ற மலையூரில் அமைந்துள்ள தங்கும் விடுதி. 1830-களின் இறுதியில் ஊர் மருத்துவர் ஒருவர் மூன்று கட்டில்களுடன் தொடங்கிய சிறு விடுதியிலிருந்து இது வளர்ந்தது. 1855-ஆம் ஆண்டு முதல் மான்டே ரோசா என்ற பெயரில் இயங்குகிறது. மேட்டர்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய குழு 1865-இல் இங்கிருந்துதான் புறப்பட்டது. ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர் ஒன்று சுற்றுலா நகரமாக மாறியதையும், அந்த மாற்றத்தின் பயன் யாருக்கு உரியது என்று எழுந்த பூசலையும் இவ்விடுதியின் வரலாற்றில் காணலாம்.

அமைவிடம்

செர்மாட், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், மாட்டர் பள்ளத்தாக்கின் தென்கோடியில் உள்ளது. ஊருக்குத் தென்மேற்கே 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் தனித்து நிற்கிறது. தென்கிழக்கே மான்டே ரோசா மலைத்தொகுதி உள்ளது. அதன் டூஃபூர் முகடு (4,634 மீட்டர்) சுவிட்சர்லாந்தின் மிக உயரமான இடம். ஹோட்டலின் பெயர் இம்மலையிலிருந்து வந்தது. ரோன் ஆற்றங்கரையில் உள்ள விஸ்ப் நகரிலிருந்து செர்மாட்டுக்குச் செல்லும் வழி ஒடுங்கிய பள்ளத்தாக்கின் ஊடாக ஏறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அவ்வழியின் கடினமான பகுதிகளை நடந்தோ கோவேறு கழுதை மீதோதான் கடக்க வேண்டியிருந்தது.

விடுதிக்கு முந்தைய செர்மாட்

செர்மாட் மக்கள் ஜெர்மன் மொழியின் வட்டார வழக்கொன்றைப் பேசும் கத்தோலிக்கர்கள். கால்நடை வளர்ப்பும், சரிவு நிலங்களில் சிறு அளவில் கம்பு தானியச் சாகுபடியும் அவர்களது வாழ்வாதாரமாக இருந்தன. மேய்ச்சல் நிலமும் காடும் ஊரின் பூர்விகக் குடும்பங்களுக்குப் பொதுவான சொத்து. பாதைகளைச் சீர்செய்வது போன்ற பொதுவேலைகளில் ஒவ்வொரு குடும்பமும் உழைப்பைத் தர வேண்டும்.

வெளியூரார் அரிதாகவே வந்தனர். ஜெனீவாவைச் சேர்ந்த அறிவியலாளர் ஹொராஸ் பெனடிக்ட் தெ சோசூர் 1789-இல் மலைகளை ஆராய இங்கு வந்தபோது, பயணிகளுக்கென்று விடுதி எதுவும் இருக்கவில்லை. அடுத்த அரை நூற்றாண்டில் வந்த தாவரவியலாளர்களும் நிலவியலாளர்களும் பெரும்பாலும் பாதிரியாரின் வீட்டையே நம்பியிருந்தனர்.

லௌபரின் விடுதி

ஊர் மருத்துவரான யோசஃப் லௌபர் 1830-களின் இறுதியில் தம் வீட்டில் பயணிகளைத் தங்கவைக்கத் தொடங்கினார். மூன்று கட்டில்களுடன் தொடங்கிய இதுவே செர்மாட்டின் முதல் விடுதி. மருத்துவத் தொழிலுக்குத் துணையான கோடைக்கால வருமானமாகவே இது நடந்தது. வருவோர் எண்ணிக்கை கூடியதால் 1852-இல் வழக்கறிஞரும் அரசியலாளருமான யோசஃப் அன்டன் கிளெமென்ஸ் 'மோன்ட் செர்வின்' என்ற இரண்டாவது ஹோட்டலைத் திறந்தார். மோன்ட் செர்வின் என்பது மேட்டர்ஹார்னின் பிரெஞ்சுப் பெயர்.

அலெக்சாண்டர் சைலர்

விடுதியை ஹோட்டலாக மாற்றியவர் அலெக்சாண்டர் சைலர் (1819–1891). இவர் செர்மாட்டைச் சேர்ந்தவர் அல்லர். வலே மாநிலத்தின் கோம்ஸ் பகுதியில் உள்ள பிளிட்ஸிங்கன் என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சியோன் நகரில் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்யும் தொழிலில் இருந்தார். இவருடைய அண்ணன் தம்பியரில் ஒருவரான யோசஃப், செர்மாட்டில் பாதிரியாராகப் பணியாற்றினார். ஊருக்குப் பயணிகள் பெருகுவதைக் கண்ட அவரே அலெக்சாண்டரை அங்கு வரச் செய்தார்.

சைலர் 1850-களின் முற்பகுதியில் லௌபரின் விடுதியைக் குத்தகைக்கு எடுத்தார். பின்னர் அதை வாங்கி விரிவுபடுத்தி, 1855-இல் மான்டே ரோசா என்ற பெயரில் திறந்தார். டூஃபூர் முகட்டில் மனிதர்கள் முதன்முதலாக ஏறியதும் அதே ஆண்டில்தான். சைலரின் மனைவி கத்தரினா சமையலறையையும் வீட்டு நிர்வாகத்தையும் கவனித்தார். விருந்தினரை இருவரும் நேரில் வரவேற்று, திரும்பி வரும்போது பெயர் சொல்லி அழைப்பது வழக்கமாயிற்று. பிரிட்டிஷ் மலையேறிகள் பலர் ஆண்டுதோறும் இங்கேயே தங்கியதற்கு அறைகளின் வசதியைவிட இந்த உபசரிப்பே காரணமாக இருந்தது.

மலையேறிகளின் கூடம்

1857-இல் லண்டனில் ஆல்பைன் கிளப் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் கோடையில் ஆல்ப்ஸுக்கு வந்தபோது மான்டே ரோசா அவர்களின் சந்திப்பிடமாயிற்று. வானிலை பற்றிய செய்தியும், வழிகாட்டியை அமர்த்தும் பேச்சும், ஏறும் பாதை பற்றிய விவாதமும் ஹோட்டலின் வாசலில் நடந்தன. மலையேறியும் மரச்செதுக்கு ஓவியருமான எட்வர்ட் விம்பர், 1871-இல் வெளியிட்ட தம் நூலில் இவ்வாசலைச் 'செர்மாட்டின் கிளப் அறை' என்று பெயரிட்டு ஓவியமாகத் தந்திருக்கிறார்.

வாசலுக்கு எதிரே ஒரு தாழ்ந்த கல்சுவர் இருந்தது. வேலைக்குக் காத்திருக்கும் வழிகாட்டிகள் அதில் அமர்ந்திருப்பர். விருந்தினர் உள்ளே உணவு மேசையில் இருக்க, அவர்களை மலைமேல் அழைத்துச் செல்லும் உள்ளூர் விவசாயிகள் வெளியே சுவரில் இருந்தனர். ஊருக்குப் புதிதாக வந்த பணம் முதலில் இந்தச் சுவர் வழியாகவே செர்மாட் குடும்பங்களைச் சென்றடைந்தது.

1865: மேட்டர்ஹார்ன் ஏற்றம்

மேட்டர்ஹார்னில் ஏறிய குழு உருவானதும் இந்த ஹோட்டலில்தான். 1865 ஜூலை 12 அன்று விம்பரும் இளைஞரான பிரான்சிஸ் டக்ளஸ் பிரபுவும் இத்தாலியப் பக்கத்திலிருந்து செர்மாட்டுக்கு வந்தனர். முன்பு விம்பருடன் பல சிகரங்களில் ஏறிய பிரெஞ்சு வழிகாட்டி மிஷேல் குரோ, மான்டே ரோசாவின் முன் இருந்த சுவரில் அமர்ந்திருந்தார். பாதிரியார் சார்லஸ் ஹட்சன் அவரை அதே சிகரத்துக்காக அமர்த்தியிருந்தார். ஒரே மலையில் ஒரே நேரத்தில் இரு குழுக்கள் தனித்தனியே ஏறுவது சரியல்ல என்று கருதி இரு தரப்பும் அன்றிரவே இணைந்தன. ஹட்சனின் துணைவரான 19 வயது டக்ளஸ் ஹாடோவும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவருக்கு மலையேற்ற அனுபவம் குறைவு.

மறுநாள் காலையில் புறப்பட்ட குழு, ஜூலை 14 பிற்பகலில் சிகரத்தை அடைந்தது. இறங்கும்போது ஹாடோ வழுக்கி குரோவின் மேல் விழுந்தார். ஹட்சனும் டக்ளஸும் அவர்களுடன் இழுக்கப்பட்டனர். டக்ளஸுக்கும் செர்மாட் வழிகாட்டி பீட்டர் டவுக்வால்டருக்கும் இடையே கயிறு அறுந்தது. நால்வரும் விழுந்து இறந்தனர். விம்பர், டவுக்வால்டர், அவருடைய மகன் ஆகிய மூவர் மட்டுமே திரும்பினர். ஜூலை 15 அன்று ஹோட்டல் வாசலில் விம்பரை எதிர்கொண்டவர் சைலர். டக்ளஸின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

விபத்து பற்றிய விசாரணையை மோன்ட் செர்வின் ஹோட்டலை நிறுவிய கிளெமென்ஸ் நீதித்துறை அலுவலராக நடத்தினார். டவுக்வால்டர் மீது குற்றம் இல்லை என்று முடிவாயிற்று. பிரிட்டிஷ் இதழ்கள் மலையேற்றத்தைக் கடுமையாகக் கண்டித்தன. ஆனால் செர்மாட்டின் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவியது. மலையேறாதவர்களும் மேட்டர்ஹார்னைக் காண்பதற்காகவே வரத் தொடங்கினர்.

விரிவாக்கம்

மலையேறிகளுக்குக் கட்டிலும் சூடான உணவும் போதுமானதாக இருந்தன. காட்சி காண வந்தவர்கள் குடும்பத்துடன் பல வாரங்கள் தங்கினர். அவர்களுக்குத் தனி அறை, வாசிப்புக் கூடம், தோட்டம், தபால் வசதி ஆகியவை தேவைப்பட்டன. சைலர் ஒரே கட்டடத்தைப் பெரிதாக்குவதோடு நிற்கவில்லை. 1867-இல் மோன்ட் செர்வினை வாங்கினார். ஊருக்கு மேலே ரிஃபெல்பெர்க்கில் இருந்த விடுதியையும் நடத்தினார். 1884-இல் ரிஃபெல்ஆல்ப் ஹோட்டல் திறக்கப்பட்டது. இதனால் பள்ளத்தாக்கில் வந்திறங்கும் பயணி, மலைமேல் ஏறும்போதும் சைலரின் விருந்தினராகவே இருக்க முடிந்தது. தொழில் முழுவதும் சில கோடை மாதங்களை மட்டுமே நம்பியிருந்தது. அக்காலத்துக்குள் ஆண்டு முழுவதற்குமான வருவாயை ஈட்ட வேண்டியிருந்ததால், பல விடுதிகளுக்கும் பொதுவாகப் பணியாளர்களையும் உணவுப் பொருள்களையும் பகிர்ந்துகொள்வது லாபமாக இருந்தது.

குடியுரிமைப் பூசல்

செர்மாட்டின் பெரும்பாலான ஹோட்டல்கள் சைலர் வசம் வந்த நிலையில், அவர் சட்டப்படி அவ்வூரின் குடியுரிமை பெற்றவர் அல்லர். சுவிட்சர்லாந்தில் ஒரு மலையூரில் வசிப்பதும், அவ்வூரின் பூர்விகக் குடிகள் சபையில் உறுப்பினராக இருப்பதும் வேறுவேறு. காடு, மேய்ச்சல் நிலம் ஆகிய பொதுச் சொத்துகளில் உரிமை சபை உறுப்பினர்களுக்கே உண்டு.

சைலர் 1871-இல் குடியுரிமை கோரினார். ஊரார் மறுத்தனர். ஹோட்டல்களைத் தம் கையில் வைத்திருக்கும் ஒருவர் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் உரிமை பெற்றால் ஊரில் தங்களுக்கு எதுவும் மிஞ்சாது என்பது அவர்களின் அச்சம். ஊருக்கு வருமானம் கொண்டுவந்தவருக்கு அங்கு இடமில்லையா என்பது சைலர் தரப்பின் கேள்வி. பூசல் ஊரைத் தாண்டி மாநில அரசையும் கூட்டாட்சி அமைப்புகளையும் எட்டியது. மேலிடத்து முடிவுகள் சைலருக்குச் சாதகமாக அமைந்த பின்னும் ஊர்ச்சபை நீண்ட காலம் இணங்கவில்லை.

இதற்கிடையே ஊர்ச்சபை தானே ஹோட்டல் தொழிலில் இறங்கியது. குடும்பங்கள் பொதுவேலை முறையில் உழைத்துக் கட்டிய செர்மாட்டர்ஹோஃப் 1879-இல் திறக்கப்பட்டது. கழுதைப் பாதைகளைச் சீர்செய்யப் பயன்பட்ட பழைய வழக்கம் இப்போது விருந்தினர் மாளிகையைக் கட்டப் பயன்பட்டது. சைலருக்குக் குடியுரிமை 1889-இல்தான் கிடைத்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அவர் இறந்தார்.

இருப்புப்பாதைக் காலம்

சைலர் இறந்த 1891-இல் விஸ்ப் நகரிலிருந்து வந்த மலை இருப்புப்பாதை செர்மாட்டை அடைந்தது. நாள் முழுவதும் எடுத்த பயணம் சில மணிநேரமாகச் சுருங்கியது. 1898-இல் சுவிட்சர்லாந்தின் முதல் மின்சாரப் பற்சக்கர ரயில், செர்மாட்டிலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் உள்ள கோர்னர்கிராட் வரை ஓடத் தொடங்கியது. சைலரின் மகன்கள் நிர்வாகத்தை ஏற்றனர். மூத்த அலெக்சாண்டரின் பெயரையே கொண்ட மகன் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

போரும் குளிர்காலமும்

1914-இல் தொடங்கிய முதலாம் உலகப் போர் வெளிநாட்டு விருந்தினரின் வரவை நிறுத்தியது. தேவைக்கு மேல் ஹோட்டல்கள் பெருகியிருந்ததால், 1915-இல் சுவிஸ் அரசு புதிய ஹோட்டல்கள் கட்டுவதைக் கட்டுப்படுத்தியது. கோடையை மட்டும் நம்பிய தொழில் நிலைக்காது என்பது தெளிவாயிற்று.

ஹெர்மன் சைலரின் முயற்சியால் 1927–28 குளிர்காலத்தில் செர்மாட் ஹோட்டல் தொழில் முதன்முறையாகக் குளிர்காலத்துக்கும் நீண்டது. பனிக்காலத்தில் ரயில் செர்மாட் வரை வராததால், விருந்தினர் எஞ்சிய தொலைவைப் பனிச்சறுக்கு வண்டிகளில் கடந்தனர். 1930-களில் ரயில் ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கியது. குளிர்காலத்துக்கெனக் கட்டப்படாத மான்டே ரோசா போன்ற பழைய கட்டடங்களுக்கு வெப்பமூட்டும் அமைப்பும், உறையாத குழாய்களும், அறைதோறும் குளியலறையும் தேவைப்பட்டன. விடுதி நவீன ஹோட்டலாக மாறியதில் இந்தக் குளிர்காலத் தேவைகளுக்கு முக்கிய இடம் உண்டு.

இன்றைய நிலை

மான்டே ரோசா இன்றும் செர்மாட்டின் முதன்மைத் தெருவில் இயங்குகிறது. உள்ளே நவீன வசதிகள் இருந்தாலும், பழைய முகப்பும் அதன் சிவப்புச் சாளரக் கதவுகளும் பேணப்பட்டுள்ளன. முகப்பில் விம்பரின் உருவம் பொறித்த நினைவுத் தகடு உள்ளது. ஹோட்டலின் உணவகம் ஒன்று அவர் பெயரில் அழைக்கப்படுகிறது. 1865-இல் அறுந்த கயிறு செர்மாட் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஊருக்குள் அனுமதியில்லை. பயணிகள் டேஷ் என்ற ஊரில் கார்களை நிறுத்திவிட்டு ரயிலில் வருகின்றனர்.

செர்மாட்டர்ஹோஃப் இன்றும் ஊர்ச்சபையின் சொத்தாகவே உள்ளது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் வளர்த்த ஹோட்டலும், அவரை ஏற்க மறுத்த ஊரார் தம் உழைப்பால் எழுப்பிய ஹோட்டலும் இன்று ஒரே தெருவின் விருந்தினரை வரவேற்கின்றன.