வார்ப்புருவுள் சிதறிய தொடர்: கோஹா நூலக மென்பொருளின் மொழிபெயர்ப்பு வரலாறு

நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை பயன்படுத்திய பழைய கணினி அமைப்பு 2000ஆம் ஆண்டைக் கடந்து இயங்காது என்ற அச்சமே கோஹா மென்பொருள் தோன்றக் காரணமாயிற்று. கடிப்போ கம்யூனிகேஷன்ஸ் நிறுவனம் 1999இல் உருவாக்கிய அது, 2000 ஜனவரியில் பயன்பாட்டிற்கு வந்தது. அவ்வாண்டிலேயே எவரும் எடுத்தாளவும் திருத்தவும் இடந்தரும் பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. கோஹா என்பது விருந்தினர் அளிக்கும் கொடையைக் குறிக்கும் மாவோரிச் சொல். பெயர் மாவோரியாயினும் திரையில் தோன்றிய மொழி ஆங்கிலமே.

இணைய உலாவியில் இயங்குமாறு அமைந்தமையால் கோஹாவின் ஒவ்வொரு திரையும் ஓர் இணையப் பக்கமாகும். பக்கத்தின் நிலையான சொற்களையும் அமைப்பையும் நிரலினின்று பிரித்து வைக்கும் கோப்பே வார்ப்புரு. தொடக்க காலத்தில் ஒவ்வொரு மொழிக்கும் வார்ப்புருக்களைத் தனியே படியெடுத்துத் திருத்தும் முறை இருந்தது. ஆங்கில மூலம் மாறுந்தோறும் படிகள் பின்தங்கின. இக்குறையைக் களைய, வார்ப்புருக்களிலுள்ள சொற்களை மட்டும் பிரித்தெடுத்து மொழிபெயர்ப்புக் கோப்பில் இடும் கருவி எழுந்தது. 2011இல் வெளிவந்த 3.4 பதிப்பில் வார்ப்புருப் பொறியே மாறியபோதும் இம்முறை தொடர்ந்தது.

கருவி தொடரை அறியாது. குறியீடுகளை மட்டுமே அறியும். இரு குறியீடுகளுக்கு இடைப்பட்டது அதற்கு ஓர் அலகு. நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் நிற்க வேண்டிய இடங்களில் வெற்று இடக்குறிகள் நிற்கும்; அவற்றினிடையே 'பை' என்னும் ஆங்கில முன்னிடைச்சொல் மட்டும் மொழிபெயர்ப்பாளரிடம் வந்து சேரும். ஆசிரியர் பெயருக்குப் பின் வரவேண்டிய உறவைத் தமிழில் அதற்குமுன் எழுத இயலாது. எனவே 'ஆசிரியர்:' என்னும் சிட்டை இடப்படுகிறது. தொடர் மறைந்து பட்டியல் எஞ்சுகிறது. 1971இல் உருப்பெற்ற பன்னாட்டு நூல்விவரிப்பு நெறி, நூற்பெயருக்கும் ஆசிரியர் பெயருக்கும் இடையே சாய்கோட்டை இட்டு இச்சிக்கலை மொழி சாராமல் தீர்த்திருந்தது. வலைப்பக்கம் அத்தீர்வை விட்டு ஆங்கிலத் தொடருக்குத் திரும்பியமை வியப்பிற்குரியது.

வேற்றுமை உருபு இதனினும் கடுமையான இடர் தருவது. கிளையின் பெயர் வரும் இடக்குறியின்பின் 'இல்' சேர்த்தால் 'மதுரைஇல்', 'நூலகம்இல்' என்னும் வடிவங்களே திரையில் தோன்றும். 'மதுரையில்' என்பதற்கு உடம்படுமெய்யும், 'நூலகத்தில்' என்பதற்கு அத்துச் சாரியையும் வேண்டும். இடக்குறி இரண்டையும் அறியாது. '... என்னும் கிளையில்' என்று விரித்தெழுதுவதே பிழையற்ற வழி. அதற்குத் திரையில் இடம் போதாத இடங்களும் உண்டு.

ஒரே வடிவுடைய ஆங்கிலச் சொற்கள் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒரே பதிவாக இணைந்துவிடுவது மற்றொரு தடை. 'ஆர்டர்' என்பது கொள்முதல் ஆணையா, வரிசை முறையா என்பது அப்பதிவினின்று விளங்காது. பின்னைய பதிப்புகளில் சூழற்குறிப்பும் பெயரிட்ட இடக்குறிகளும் சேர்க்கப்பட்டன. பெயரிட்ட இடக்குறியை மொழிபெயர்ப்பாளர் தொடரில் இடம் மாற்றலாம். ஆயினும் உருபு சேர்க்கும் சிக்கல் அதனாலும் தீரவில்லை. நிரலர் புதிய முறையில் எழுதிய தொடர்களுக்கே அதன் பயன் கிட்டும்.

நூலகங்கள் தத்தம் விருப்பப்படி பக்கங்களை மாற்றுவது இவ்வரலாற்றின் மற்றொரு பகுதி. வார்ப்புருவை நேரே திருத்தினால் அடுத்த பதிப்பை நிறுவும்போது திருத்தம் அழியும். எனவே அமைப்பு விருப்பங்களில் தனித் துணுக்குகளை எழுதும் வழக்கம் பரவியது. அத்துணுக்குகளிலுள்ள சொற்கள் பொது மொழிபெயர்ப்புக் கோப்பில் இடம்பெறா. திரை முழுதும் தமிழாக இருக்க, நூலகம் தானே எழுதிய அறிவிப்பு மட்டும் ஆங்கிலத்தில் நிற்பது இதனாலேயே.