தளம் அடித்த கைகள்

மழைநீர் இறங்காதபடி மொட்டைமாடியை அடைப்பது இன்று டப்பாவில் வாங்கிப் பூசும் வேலை. நூறாண்டுகளுக்கு முன் சென்னையின் மச்சு வீடுகளில் அதே காரியத்துக்குப் பல நாள்கள் தேவைப்பட்டன. அதன் சேர்மானங்களை நினைவில் வைத்திருக்கும் நாம், அதன் உழைப்பை மறந்துவிட்டோம்.

'மெட்ராஸ் டெரஸ்' எனப் பொறியியல் நூல்கள் குறிப்பிடும் கூரை இது. தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் சாய்வாக நிறுத்தி அடுக்குவர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். அதற்கும் மேலே தட்டோடு. நீர் தேங்காமல் ஓட வாட்டமும் வைப்பர்.

சுண்ணாம்பு நமக்குப் புதிதன்று. அரண்மனையின் சுதைப் பூச்சை நெடுநல்வாடை வெள்ளிக்கு ஒப்பிடுகிறது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. மயிரிழை விரிசல்களில் மழைநீர் கரைத்துக் கொணரும் சுண்ணாம்பு படிந்து, அவற்றைத் தானே அடைப்பதும் உண்டு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பதற்கும் காரணம் உண்டு: கடுக்காயில் துவர்ப்புப் பொருள் மிகுதி, வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பின் கரைதிறனைக் கூட்டுகிறது.

பழங்கட்டடங்களைப் புதுப்பிக்கும் செய்திகளில் இந்தக் கடுக்காயும் வெல்லமும் 'முன்னோர் ரகசியம்' என்று தவறாமல் இடம்பெறும். ஆனால் சேர்மானம் மட்டும் நீரைத் தடுத்துவிடாது. ஈரத் தளத்தின் மேல் பெண்கள் வரிசையாக அமர்ந்து, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்தார்கள். அந்த அடியில்தான் உள்ளிருந்த காற்று வெளியேறி, துளைகள் மூடி, தளம் இறுகியது. கட்டை பட்டதும் துள்ளித் திரும்பினால் தளம் பதமாகிவிட்டது என்று பொருள்.

திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணத்தில் பெண்கள் இடிப்பது நறுமணப் பொடி. அது வழிபாடாகிப் பக்தி இலக்கியத்தில் நிலைத்தது. காரைச் சுண்ணாம்பு இடித்த பெண்களின் பாடல்களுக்கோ நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளே புகலிடம். ஓங்கி விழும் கைகளுக்கு இரண்டிடத்திலும் பாட்டே தாளம், நினைவில்தான் வேறுபாடு.

1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1904இல் சென்னையிலேயே சிமெண்ட் தயாரிக்கும் முயற்சி நடந்தது, அது நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் உற்பத்தி தொடங்கிய பின்னரே இந்தியச் சிமெண்ட் காலூன்றியது. கான்கிரீட் கூரை வந்த பிறகும் அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லித் தளமும் தட்டோடும் போடும் வழக்கம் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. விரைவும் கூலிக் கணக்கும் முந்திக்கொண்டபோது, நாள்கணக்கில் அடிக்கும் வேலை முதலில் கைவிடப்பட்டது.

அந்தப் பெண்கள் வேறு வேலை தேடிப் போனதில் வருந்த ஏதுமில்லை. வெயிலில் குனிந்து செய்த, கூலி குறைந்த வேலை அது. ஆனால் பழைய மாடி ஒழுகாமல் நின்றதற்குக் காரணம் சொல்லும்போது, கடுக்காய்க்கு முன் அவர்களைச் சொல்வதே வரலாற்றுக்கு நேர்மை.