பத்தாவியா: செல்ல அஞ்சிய நகரொன்றின் வரலாறு

தமிழிலக்கிய மரபிலே நகரம் என்பது பெரும்பாலும் புகழ்ச்சிக்குரிய பொருளாகவே அமைந்துள்ளது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடுகின்றது. மதுரைக்காஞ்சி மதுரையின் பகலங்காடியையும் அல்லங்காடியையும் காட்டுகின்றது. பிற்காலக் காப்பியங்களில் நகரச் சிறப்பு ஒரு தனியுறுப்பாகவே இடம்பெறலாயிற்று. ஆயின், மாந்தர் போக விரும்பாத நகரங்களும், பெயரைக் கேட்ட அளவிலேயே அஞ்சிய நகரங்களும் வரலாற்றில் உண்டு. அவற்றைப் பாடுதற்கென இலக்கிய மரபு எதுவும் தோன்றவில்லை. மாலுமிகளின் பேச்சிலும், வணிகரின் கடிதங்களிலும், இறந்தோர் பதிவேடுகளிலுமே அவற்றின் பெயர் நிலைபெற்றது. அத்தகைய நகரங்களுள் ஒன்று பத்தாவியா. இன்று ஜகார்த்தா என வழங்கும் அந்நகர், கரையோர இலங்கையை ஒல்லாந்தர் ஆண்ட காலம் முழுவதும் அவ்வாட்சியின் மேலிடமாக விளங்கியது. எனவே அதன் கெட்ட பெயர் எவ்வாறு உருவாயிற்று என ஆராய்வது இலங்கை வரலாற்று மாணவருக்கும் புறம்பான செயலன்று.

ஜயகர்த்தா என்னும் துறைமுக ஊரை 1619 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மகாதேசாதிபதியாகிய யான் பீற்றர்ஸூன் கூன் கைப்பற்றி அழித்தார். அவ்விடத்திலேயே பத்தாவியா எழுந்தது. சிலிவுங் ஆற்றை நேர்ப்படுத்தி நகரினூடாக ஓடவிட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கால்வாய்கள் வெட்டி, ஒல்லாந்து நாட்டு நகரமொன்றின் சாயலை வெப்பவலயத்திலே உருவாக்கினர். யாவானியரை நம்பாத கம்பனி, தொடக்க காலத்தில் அவர்கள் நகர மதிலுக்குள் குடியிருப்பதைத் தடுத்தது. நகரைக் கட்டியெழுப்பிய உழைப்பு பெரும்பாலும் சீனருடையதும் அடிமைகளுடையதுமாகும். அவ்வடிமைகளுள் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரும் இருந்தனர். 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டை வாட்டிய பஞ்சத்தின்போது ஒல்லாந்தர் வாங்கிய தமிழ் மக்களுட் பெரும்பாலானோர் இலங்கைக்கும், ஒரு பகுதியினர் பத்தாவியா, மலாக்கா ஆகிய இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். பத்தாவியாவுக்குத் தம் விருப்பின்றிச் சென்றோரின் வரிசையில் இவர்களையும் சேர்த்தல் வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இந்நகரைக் கீழைத்தேயத்தின் அரசி எனப் புகழ்ந்தனர். அடுத்த நூற்றாண்டில் அதே நகர் ஐரோப்பியரின் இடுகாடு எனப் பெயர் பெற்றது. இம்மாற்றம் வெறும் வாய்ப்பேச்சால் ஏற்பட்டதன்று. 1733 ஆம் ஆண்டின் பின் நகரில் நிகழ்ந்த மரணங்கள் திடீரெனப் பெருகின. அதற்கு முன்னர், புதிதாக வந்திறங்கிய கம்பனி ஊழியருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரையே முதலாண்டில் இறந்தனர். அதன் பின்னரோ ஏறத்தாழ அரைவாசிப் பேர் ஓராண்டுக்குள் மாண்டனர்.

ஆங்கிலக் கடலோடியான ஜேம்ஸ் குக்கின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும். பசுபிக் கடலிற் பெரும் பயணத்தை முடித்துக்கொண்டு 1770 ஒக்ரோபரில் அவருடைய 'என்டெவர்' என்னும் கப்பல் பழுதுபார்ப்பதற்காகப் பத்தாவியாவை அடைந்தது. நீண்ட கடற்பயணங்களில் மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோயால் அக்கப்பலில் எவரும் இறந்திருக்கவில்லை. ஆனால் திசம்பர் இறுதியில் அக்கப்பல் புறப்படுவதற்கிடையில் எழுவர் இறந்தனர். தாகித்தித் தீவிலிருந்து வழிகாட்டியாக உடன்வந்த துப்பாயா என்னும் அறிஞரும் அவருடன் வந்த சிறுவனும் இறந்தோருள் அடங்குவர். பத்தாவியாவிற் பற்றிய நோயுடன் புறப்பட்டோருள் மேலும் இருபதுக்கு மேற்பட்டோர் நன்னம்பிக்கை முனையை அடையுமுன்னரே உயிர்நீத்தனர். பெருங்கடலைக் கடந்து தப்பியவர்களை ஒரு துறைமுகம் கொன்றது என்னும் செய்தி ஐரோப்பாவெங்கும் பரவியது.

இம்மரணங்களுக்கு அக்காலத்தவர் கூறிய காரணம் யாது? வெப்பவலயத்தின் தட்பவெப்பம், சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக்காற்று, கீழைத்தேயத்தின் இயல்பு என்பனவே அவர்தம் விளக்கங்கள். பழி நிலத்தின்மீது சுமத்தப்பட்டது. ஆயின், அதே நிலம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அத்தகைய பேரழிவைத் தரவில்லை என்பதை இவ்விளக்கம் கருத்திற்கொள்ளவில்லை.

பிற்கால ஆய்வுகள் வேறு விடையைத் தருகின்றன. நகரைச் சூழ்ந்த புறநிலம் கரும்புச் செய்கைக்காக அழிக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு ஏறத்தாழ 130 கரும்பாலைகள் இயங்கின. ஆலைகளின் அடுப்புகளுக்கு விறகு வேண்டிக் காடுகள் வெட்டப்பட்டன; ஆறுகள் தம் போக்கிற் கெட்டன; ஆலைக் கழிவு நீரோடு கலந்தது. 1699 ஆம் ஆண்டு ஏற்பட்ட நிலநடுக்கத்தின்பின் மலைச்சரிவுகளிலிருந்து வந்த சேறும் ஆற்றை அடைத்தது. ஓடவேண்டிய கால்வாய்கள் தேங்கிய சாக்கடைகளாயின. இந்நீரைப் பருகியோரைச் சீதபேதி பற்றியது. மலேரியாவைப் பொறுத்தவரை, வன் டெர் புறுக் என்னும் ஒல்லாந்த ஆய்வாளர் 1994 இல் வெளியிட்ட நூல் குறிப்பிடத்தக்கது. 1733 அளவிற் கரையோரத்தில் அமைக்கப்பட்ட உவர்நீர் மீன்வளர்ப்புக் குளங்களே, உவர்நீரிற் பெருகும் நுளம்பினத்துக்கு இடங்கொடுத்து மலேரியாவைப் பரப்பின என்பது அவர் முடிபாகும். நுளம்புக்கும் மலேரியாவுக்குமுள்ள தொடர்பை றொனால்ட் றொஸ் 1897 இல் நிறுவும்வரை இதனை எவரும் அறிந்திருத்தல் இயலாது. எனினும், காடழிந்ததும், கால்வாய் தேங்கியதும், நீர் நாறியதும் எல்லோர் கண்ணுக்கும் புலப்பட்டவை. அவற்றை விளைத்த வணிகத்தைக் கம்பனி கைவிடவில்லை.

கம்பனி செய்ததெல்லாம் விலகிச்செல்வதே. வசதியுடையோர் மதிலுக்குத் தெற்கே மேட்டு நிலங்களில் மாளிகை கட்டிக் குடியேறினர். 1736 முதல் 1740 வரை இலங்கையிற் தேசாதிபதியாயிருந்து, 1743 இற் பத்தாவியாவின் மகாதேசாதிபதியாகப் பதவியேற்ற குஸ்தாவ் வில்லெம் வன் இம்ஹொவ், 1745 இல் உள்நாட்டு மலையடிவாரத்தில் ஒரு மாளிகையை அமைத்தார். அதற்கு இடப்பட்ட போய்த்தன்சோர்க் என்னும் பெயர் 'கவலைக்கு அப்பால்' எனப் பொருள்படும். அவ்விடமே இன்றைய போகோர் நகர். கவலைக்கு அப்பால் இல்லம் அமைத்த வன் இம்ஹொவ் 1750 இற் பத்தாவியாவிலேயே இறந்தார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. கம்பனி கலைக்கப்பட்ட பின்னர், 1808 இற் பதவியேற்ற மகாதேசாதிபதி தாந்தல்ஸ், பழைய கோட்டையையும் மதிலையும் இடிப்பித்து ஆட்சிமையத்தைத் தெற்கேயுள்ள வெல்தவ்றேடனுக்கு மாற்றினார். ஆள்வோர் இவ்வாறு வெளியேறினர். பழைய நகரிலும் அதன் அயலிலும் எஞ்சியவர்கள், சென்று குடியேற வேறிடம் இல்லாதவர்களே.

இதுவரை கூறியது ஐரோப்பியர் பத்தாவியாவுக்கு அஞ்சிய வரலாறு. பத்தாவியாவில் வாழ்ந்தோர் அஞ்சிய ஊர் எது என்னும் வினாவையும் எழுப்புதல் வேண்டும். அதற்குரிய விடை இந்நாட்டு மாணவரை வியப்பிலாழ்த்தக்கூடும். அவர்கள் அஞ்சிய இடம் இலங்கையாகும்.

ஐரோப்பியச் சந்தையிற் சீனியின் விலை வீழ்ந்தபோது பத்தாவியாவின் புறநிலத்திலிருந்த சீனத் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். 1740 ஜூலையில், ஐயத்துக்குரிய சீனரைப் பிடித்து இலங்கைக்கு அனுப்புமாறு ஆணை பிறந்தது. இங்கு அவர்களுக்குக் கறுவாத் தொழில் காத்திருந்தது. அனுப்பப்படுவோர் யாவாக் கரை மறைந்ததும் கடலிலே தள்ளப்படுகின்றனர் என்னும் வதந்தி பரவியது. அச்சமும் வெறுப்பும் முற்றிக் கலகம் மூண்டது. ஒக்ரோபர் 9 ஆம் நாள் நகரிற் தொடங்கிய படுகொலையில் ஏறத்தாழ 10,000 சீனர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் மதிலுக்கு வெளியே, இன்று குளோடொக் என வழங்கும் பகுதியிற் குடியமர்த்தப்பட்டனர்.

இலங்கையைப் பற்றிய அச்சம் சீனரோடு நின்றதன்று. தம்மை எதிர்த்த அரசரையும் பிரபுக்களையும் சமயப் பெரியாரையும் கம்பனி இத்தீவுக்கே நாடுகடத்தியது. மக்காசார் நாட்டு ஷெய்க் யூசுப் 1684 இல் இங்கு அனுப்பப்பட்டார். யாவாவின் மத்தறம் அரசன் மூன்றாம் அமங்குராத் 1708 இல் அனுப்பப்பட்டான். சிலோன் என்னும் பெயர் யாவா மொழியிற் 'செலோங்' எனத் திரிந்து, அதிலிருந்து நாடுகடத்தப்படுதலைக் குறிக்கும் வினைச்சொல்லும் பிறந்தது. பின்னர் வேறெந்த இடத்துக்கு ஒருவர் கடத்தப்பட்டாலும் அச்சொல்லாலேயே குறிக்கப்பட்டார். சேரன்தீவு என அறபு வணிகர் புகழ்ந்ததும், ஆதம் மலையாற் புனிதம் பெற்றதுமான இத்தீவின் பெயர், இன்னொரு மொழியில் தண்டனையின் பெயராயிற்று. அவ்வாறு அனுப்பப்பட்டோரும், கம்பனியின் படைவீரராக வந்தோரும், அடிமைகளும் இங்கேயே வேரூன்றினர். இன்றைய இலங்கை மலாயர் அவர்தம் வழித்தோன்றல்கள். தமிழ் பேசும் மக்களோடு நெருங்கி வாழ்ந்தமையால் அவர்கள் பேசும் மலாய் மொழியின் இலக்கண அமைப்பிலும் தமிழின் செல்வாக்குப் படிந்துள்ளது. முன்னோர் தண்டனையெனக் கொண்ட மண் பின்னோர்க்குத் தாயகமாயிற்று.

இவ்விரு செய்திகளையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. பத்தாவியாவிலிருந்தோர் இலங்கைக்கு அஞ்சினர். ஐரோப்பாவிலிருந்து கப்பலேறியோர் பத்தாவியாவுக்கு அஞ்சினர். இரண்டு அச்சத்தையும் விளைத்தது ஒரே கம்பனியின் ஆட்சியே. மண்ணிலோ காற்றிலோ வாழும் மக்களின் இயல்பிலோ அக்கெட்ட பெயருக்கு வேர் இல்லை. மனிதர் எந்நிலையில் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர், அந்நிலமும் நீரும் எவருடைய ஆதாயத்துக்காகப் பாழாக்கப்பட்டன என்பனவற்றிலேயே அதன் வேர் உள்ளது.

1942 இல் யப்பானியர் ஆட்சியின்கீழ் பத்தாவியா என்னும் பெயர் நீங்கி ஜகார்த்தா என்னும் பெயர் மீண்டது. எனினும் பழைய வரலாறு முற்றாக முடிந்துவிடவில்லை. நிலத்தடி நீர் அளவின்றி உறிஞ்சப்படுவதால் நகரின் வடபகுதி தாழ்ந்து, கரையோரத்திற் சில இடங்கள் கடல்மட்டத்துக்குக் கீழாகியுள்ளன. 2022 இல் இந்தோனேசியப் பாராளுமன்றம் தலைநகரைக் கலிமந்தான் பகுதிக்கு மாற்றுவதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. தாந்தல்ஸ் சில கல் தூரம் தெற்கே நகர்ந்தார். இம்முறை வகுக்கப்பட்ட திட்டமோ கடல் கடந்தது. நகரங்கள் இடம்பெயர்தல் வரலாற்றிற் புதிதன்று; சில வேளைகளில் அது தவிர்க்கமுடியாததுமாகும். ஆயினும், தலைநகர் செல்லுமிடத்துக்கெல்லாம் கரையோரக் குடிசைவாசியும் மீனவனும் செல்வதில்லை.

எனவே, ஓர் ஊரை மக்கள் வெறுத்தனர் என்னும் சான்று கிடைக்கும்போது, அதனை அவ்வூரின் இயல்புக்குச் சான்றாகக் கொள்ளுதல் பிழையாகும். வெறுத்தவர் யாவர், அங்கு தாமாகச் சென்றனரா அனுப்பப்பட்டனரா, அவ்வூரை அந்நிலைக்கு ஆளாக்கியவர் யாவர், விட்டு நீங்கும் வாய்ப்பு எவருக்கு இருந்தது என்னும் வினாக்களை வரலாற்று மாணவன் கேட்டல் வேண்டும். பத்தாவியாவின் கெட்ட பெயரை எழுதிவைத்தோர் பெரும்பாலும் அங்கிருந்து மீண்டவர்களே. அந்நகரின் கால்வாய்களைத் தோண்டியோரும், தூர்வாரியோரும், அவற்றின் நீரைப் பருகி அங்கேயே மடிந்தோரும் எழுதிய சான்று அரிதினும் அரிது. அவர்களையும் உள்ளடக்கி எழுதப்படும்போதே அந்நகரின் வரலாறு நிறைவு பெறும்.