இதயம் சுரக்கும் கட்டளைகள்

கெய்ரோவில் மருத்துவம் புரிந்து ஹிஜ்ரி 687இல் (கி.பி. 1288) மறைந்த இப்னு நஃபீஸ், இப்னு சீனாவின் 'கானூன்' நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு விரிவுரை எழுதினார். இதயத்தின் இடைச்சுவரில் துளைகள் உண்டு என்ற கேலனின் கூற்றை அதில் மறுத்தார். குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்றார். அவ்விரிவுரையின் சிறப்பை 1924இல்தான், பெர்லின் சுவடியொன்றின் வாயிலாக, எகிப்திய மருத்துவர் ஒருவர் உலகறியச் செய்தார்.

இதயத்தின் இன்னொரு உண்மையும் இவ்வாறே காத்துக் கிடந்தது. மேலறைத் தசைச் செல்களில் 1956இல் நுண்மணிகள் காணப்பட்டன. அவற்றின் பணி கால் நூற்றாண்டாக விளங்கவில்லை. 1981இல் கனடாவில் தெ போல்ட் குழுவினர் மேலறைச் சாற்றை எலிகளுக்குச் செலுத்தினர். உப்பும் சிறுநீரும் மிகுதியாக வெளியேறின, இரத்த அழுத்தம் தாழ்ந்தது. இதயம் குருதியை இறைக்கும் தசை மட்டுமன்று, ஹார்மோன் சுரக்கும் உறுப்புமாகும் என்பது தெளிவாயிற்று. 28 அமினோ அமிலங்களாலான அப்பெப்டைடு இதயத்தின் சுமையைக் குறைக்கிறது.

1988இல் ஜப்பானில் யனகிசாவா குழுவினர் கண்டறிந்த எண்டோதெலினோ இரத்தக் குழாய்களை இறுக்குவது. இதயத்தசைச் செல்லின் ஏற்பிகளில் அது இணையும்போது, கால்சியத்தின் செயல் மிகுந்து சுருக்கம் வலுப்பெறுகிறது. ஒன்று தளர்த்த, மற்றொன்று முடுக்க, இவற்றின் சமநிலையிலேயே இதயத்தின் நலம் அமைகிறது. இதயச் செயலிழப்பில் அச்சமநிலை குலைகிறது. அதனால்தான் இன்று மருத்துவர்கள் இதயப் பெப்டைடின் அளவைக் குருதியில் சோதிக்கின்றனர்.

சுவடியும் நுண்மணியும் கண்முன்னே இருந்தும் நெடுநாள் படிக்கப்படாதிருந்தன. நம் நூலகங்களில் உறங்கும் ஏடுகளை எண்ணும்போது இவ்வரலாறு நமக்கும் உரியதெனக் கருதுகிறோம்.