எழுவான்கரையில் ஒரு வாரம்: தரம் 3 சுற்றாடல்சார் செயற்பாடுகளை வாசிக்கும் முறை பற்றி

தரம் 3 மாணவர் ஒரு வாரத்தில் கற்பவை எவை என்ற வினாவுக்கு இலங்கையின் ஆரம்பக் கல்விக் கலைத்திட்டம் தரும் விடை சுருக்கமானது: தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல்சார் செயற்பாடுகள், அந்தத் தரத்திலிருந்து முறையான பாடமாகும் ஆங்கிலம். இவற்றுள் நான்கைப் பற்றி ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சுற்றாடல்சார் செயற்பாடுகள் மட்டும் நீண்டகாலமாகப் பிழையாக வாசிக்கப்பட்டு வருகிறது. அந்தப் பிழையின் விளைவு மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஊர்களில், சிறப்பாகக் களுதாவளையில், தெளிவாகத் தெரிகிறது.

பிழையான வாசிப்பு இவ்வாறு செல்கிறது. இப்பாடத்துக்குப் பதினாறு கருப்பொருள்கள் உண்டு. அவை நாடு முழுவதற்கும் பொதுவானவை; மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வகுத்தவை. அவற்றைப் பாடசாலை வாரங்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொரு வாரத்துக்கும் ஓர் உள்ளடக்கம் கிடைக்கும். ஆசிரியரின் பாடக்குறிப்பு அந்த உள்ளடக்கம் நிறைவேறியதற்குச் சான்று. இந்தக் கணக்கின்படி கொழும்புப் பிள்ளையும் களுதாவளைப் பிள்ளையும் ஒரே வாரத்தில் ஒன்றையே கற்கின்றனர். ஆகவே களுதாவளைப் பிள்ளை தன் ஊரைப் பற்றி வகுப்பறையில் எதையும் கற்பதில்லை என்பது முடிவு. ஊரின் வரலாறு, கோயில், தொழில் ஆகியவற்றைத் தொகுத்த துணைநூல் ஒன்று வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் பரிகாரம். ஊர் மீதான அக்கறையில் பிறந்த பரிகாரம் என்பதால் இதனை அவமதிக்க வேண்டியதில்லை. ஆனால் இதுவும் அதே பிழையிலிருந்தே புறப்படுகிறது. பாடம் என்பது பொருட்பட்டியல் என்று கொண்ட பின், பட்டியலில் பதினேழாவதாக ஊரையும் சேர்க்கக் கேட்கிறது.

கருப்பொருள்களைப் பட்டியலாகக் கொள்ள முடியாது என்பதற்கு முதற் சான்று பாடத்தின் பெயர். ‘சுற்றாடல்சார் செயற்பாடுகள்’ என்ற தொடரின் தலைச்சொல் ‘செயற்பாடுகள்’. ‘சுற்றாடல்’ அதற்கு அடையாகவே நிற்கிறது. இத்தொடர் சுட்டுவது சுற்றாடல் பற்றிய கல்வியை அன்று. சுற்றாடலைச் சார்ந்து நிகழும் செயல்களை. இது மொழிபெயர்ப்பில் தற்செயலாக நேர்ந்த அமைப்பு என்று தள்ளிவிடவும் இயலாது. சிங்களப் பெயரில் உள்ள ‘ஆஷ்ரித’ என்ற சொல் தமிழ்ச் சமய நூல்கள் நன்கறிந்த ‘ஆசிரயம்’ என்பதன் உறவு. ஒன்றைப் பற்றுக்கோடாகக் கொண்டது என்பது அதன் பொருள். அங்கும் தலைச்சொல் செயற்பாடுகளே. ஆங்கிலப் பெயரின் தலைச்சொல்லும் அதுவே. ‘கல்வி’ என்றோ ‘அறிவு’ என்றோ முடியும் பெயரை மூன்று மொழிகளில் எதிலேனும் வைத்திருக்கலாம், எதிலும் வைக்கவில்லை. பெயரை மட்டும் கொண்டு ஒரு பாடத்தின் இயல்பைத் துணிவது ஆபத்தானது என்ற எச்சரிக்கை நியாயமானது. எனினும் மூன்று மொழிகள் ஒருமித்துச் சொல்வதைப் புறக்கணிப்பது அதைவிட ஆபத்தானது.

இரண்டாம் சான்று பெயரைவிட வலியது. இந்தப் பதினாறு கருப்பொருள்களும் தரம் 3க்கு மட்டும் உரியவை அல்ல. தரம் 1 முதல் தரம் 5 வரை அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. கருப்பொருள் என்பது கற்று முடிக்க வேண்டிய உள்ளடக்கம் ஆனால், தரம் 1இல் ‘நீர்’ முடிந்துவிட்டது; தரம் 3இல் அது மீண்டும் வருவதற்குக் காரணம் இல்லை. கருப்பொருள் மாறாமல் தரம் மட்டும் ஏறுகிறது என்றால், ஏறுவது பிள்ளை அதைக் கொண்டு செய்யும் செயலின் ஆழமே. 1998இல் கம்பகா மாவட்டத்தில் முன்னோடியாகத் தொடங்கி 1999இல் நாடெங்கும் விரிந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், ஐந்து தரங்களையும் மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்ததன் பொருளும் இதுவே. முதல் நிலையில் விளையாட்டும் செயற்பாடும் மேலோங்கும். தரம் 5இல் எழுத்துவேலை மேலோங்கும். இடையிலுள்ள தரம் 3, தரம் 4 ஆகியவற்றில் மூன்றும் சமமாக நிற்கும். தரம் 3 இந்தச் சமநிலையின் முதலாண்டு. அந்த ஆண்டில் ஒரு வாரத்தின் கற்றலைப் பிள்ளையின் கொப்பியிலோ ஆசிரியரின் பாடக்குறிப்பிலோ மட்டும் தேடும் ஆய்வு, மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு முழுமையை அளக்கிறது.

இனி ஊருக்கு வரலாம். களுதாவளை, மண்முனை தென் எருவில் பற்றுப் பிரிவில், பட்டிருப்புக் கல்வி வலயத்தில் அமைந்தது. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மணற்பாங்கான ஒடுங்கிய நிலம். அந்த மணலில் கிணற்று நீரை நம்பி வெற்றிலையும் மிளகாயும் மரக்கறியும் விளைகின்றன. வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேல்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது மட்டக்களப்பார் அனைவரும் அறிந்தது. களுதாவளை எழுவான்கரையில் உள்ளது.

பிழையான வாசிப்பைச் சோதிக்க இந்த இரு பெயர்களே போதும். ஞாயிறு எழும் பக்கம் எழுவான். படும் பக்கம் படுவான். தொல்காப்பியம் நெய்தலுக்கு வகுத்த ‘எற்பாடு’ என்ற பொழுதுப் பெயரில் உள்ள ‘படு’வும் இதுவே. அந்தச் சொல் இங்கே நூலில் உறங்கவில்லை. ‘படுவான்கரைக்குப் போகிறோம்’ என்று வயலுக்குப் புறப்படும் வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை அன்றாடம் கேட்கிறது. சூரியன், திசை ஆகியவை பேசப்படும் வாரத்தில் ஒரு காட்சி வரையச் சொன்னால், தமிழ்ப் பிள்ளைகள் பலர் இரண்டு மலைகளையும் அவற்றின் நடுவே பாதிச் சூரியனையும் வரைவர். களுதாவளையில் மலை இல்லை. அங்கே சூரியன் கடலிலிருந்து எழுந்து வாவிக்கு அப்பால் மறைகிறது. படுவான்கரைப் பழுகாமத்துப் பிள்ளைக்கு வாவி கிழக்கே இருக்கிறது. சூரியன் வாவிப் பக்கத்திலிருந்து எழுகிறது. கொழும்புக் காலிமுகத்திடலில் நிற்கும் பிள்ளைக்குக் கடல் என்பது சூரியன் மறையும் இடம். மூவருக்கும் கருப்பொருள் ஒன்று, வாரம் ஒன்று என்றே கொள்வோம். காலையில் முற்றத்தில் நின்று நிழல் விழும் பக்கத்தைக் குறிப்பது, மாலையில் அதே இடத்தில் மீண்டும் குறிப்பது என்பது செயற்பாடு. அதைச் செய்தவுடன் மூவரும் மூன்று நிலங்களைக் கற்றுவிடுகின்றனர். மகரகம வகுத்த கருப்பொருள் ஊரை மறைக்கவில்லை. செயலைத் தவிர்த்துக் கருப்பொருளின் தலைப்பை மட்டும் மனனம் செய்யும்போதுதான் ஊர் மறைகிறது.

‘நீர்’ இதைவிடச் செறிவான எடுத்துக்காட்டு. மே, ஜூன் மாதங்களில் தென்மேற்குப் பருவமழை கொழும்பை நனைக்கிறது. அதே மாதங்களில் களுதாவளையில் மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசுகிறது. கிணறுகளில் நீர் இறங்குகிறது. கிழக்குக் கரையின் பெருமழை நவம்பர் முதல் ஜனவரி வரை பெய்வது. ஆகவே ஜூன் மாதத்தில் ஒரு வாரம் ‘நீர்’ என்று பாடக்குறிப்பில் எழுதப்பட்டால், கொழும்பில் அது வானத்தைப் பார்க்கும் பாடம்; களுதாவளையில் கிணற்றைப் பார்க்கும் பாடம். கயிற்றில் முடிச்சிட்டு நீர்மட்டத்தை அளந்து, தை மாதத்தில் அளந்ததோடு ஒப்பிடுவது பெரியவர் துணையோடு ஒரு மூன்றாம் தரப் பிள்ளைக்கு எட்டும் செயல். அதில் அளத்தலும் கழித்தலும் உண்டு. கணிதம் தனியாக வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தக் கிணற்றுக்குப் பின்னால் இன்னும் பெரிய உண்மை ஒன்று உள்ளது. கரையோர மணலில் ஊறும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் வில்லைபோல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையின் கிணறுகள் பலவற்றை உவராக்கியது. நன்னீர் என்பது வற்றாத கொடை அன்று என்பதை மட்டக்களப்புக் கரையின் பிள்ளைக்குச் சொல்லப் புத்தகப் படம் தேவையில்லை; தோட்டக் கிணறும் வாவிக்கரையும் போதும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான அந்த வாவியை வடிவிலும் பெயரிலும் ஆறு, கடல், குளம் ஆகியவற்றிலிருந்து பிரித்தறிவது மொழிப்பாடமும் ஆகும். மட்டக்களப்பு என்ற பெயரே ‘களப்பு’ என்ற சொல்லைத் தாங்கியிருப்பதை அந்த வாரத்தில் ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்தால், துணைநூல் செய்ய நினைத்த வேலை முடிந்துவிட்டது. வெற்றிலையை எண்ணிக் கட்டுவது, மிளகாயைக் கிலோகிராமில் நிறுப்பது முதலியவற்றைக் கணிதத்தோடு இணைப்பது பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்த ஊரில் எவரும் அறிந்ததே.

மறுப்புகள் சில உள. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் தரம் 3 வரை நீண்டுவிட்டது, எழுத்துவேலையே எல்லாவற்றையும் விழுங்குகிறது என்பது அவற்றுள் முக்கியமானது. இது உண்மையே, ஆனால் பரீட்சை பற்றிய உண்மை. கலைத்திட்டம் கேட்பது என்ன என்ற வினாவுக்கு அது விடையாகாது. ஊர் ஊர் என்று பேசினால் பிள்ளை உலகை அறியாமல் போகும் என்ற அச்சம் இரண்டாவது. எழுவானையும் படுவானையும் அறிந்த பிள்ளை கிழக்கையும் மேற்கையும் விரைவாக அறியும் என்பதே அதற்குப் போதிய விடை. ஆசிரியரின் வேலைப்பளு கூடும் என்பது மூன்றாவது. முற்றத்தில் நிழலைக் குறிப்பது கரும்பலகையில் பத்தி ஒன்றை எழுதுவதைவிடக் கடினமானதன்று.

ஊரையே பாடமாக்கும் எண்ணம் இலங்கைக்குப் புதிதுமன்று. 1930களின் ஹந்தெஸ்ஸ கிராமியக் கல்வித் திட்டம் வேளாண்மையையும் கிராம வாழ்வையும் பாடசாலையின் நடுவே வைத்தது. 1937இல் இந்தியாவின் வர்தாவில் முன்வைக்கப்பட்ட ஆதாரக் கல்வி கைத்தொழிலை நடுவே வைத்தது. இரண்டும் நிலைக்காமற் போனதற்கு ஒரு காரணம், கிராமப் பிள்ளைக்குக் கிராமம் போதும் என்று அவை சொல்வதாகப் பெற்றோர் ஐயுற்றது. சுற்றாடல்சார் செயற்பாடுகள் அந்த ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை: கருப்பொருள் எல்லாருக்கும் ஒன்று, செயல் நடக்கும் மண் மட்டும் வேறு. தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பிலேயே அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனிப் பாடங்களாகிவிடுகின்றன. கிணற்றில் நீர் இறங்குவது எந்தப் புத்தகத்துக்கு உரியது என்று அங்கே முதலில் முடிவு செய்தாக வேண்டும். இலங்கைப் பிள்ளைக்கு அந்தச் சிக்கல் தரம் 5 முடியும்வரை இல்லை. இது பெரிய வாய்ப்பு. பட்டியல் வாசிப்பு அதை வீணாக்குகிறது.

இங்கு வாதிக்கப்பட்டது கலைத்திட்டத்தின் அமைப்பு எதைக் கோருகிறது என்பது மட்டுமே. ஒவ்வொரு வகுப்பறையிலும் அது நடக்கிறது என்பதன்று. நடப்பதற்குத் தேவையானது இன்னொரு புத்தகமும் அன்று. மாரி எப்போது, கச்சான் எப்போது, வெற்றிலைக்கொடி நடுவது எப்போது, படுவான்கரையில் அறுவடை எப்போது என்று மாதவாரியாகக் காட்டும் ஒரு பக்க அட்டவணையும், பதினாறு கருப்பொருள்களை அந்த மாதங்களுக்கேற்ப முன்பின்னாக நகர்த்திக்கொள்ள ஆசிரியருக்கு எழுத்தில் தரப்படும் அனுமதியுமே தேவை. பட்டிருப்பு வலயத்தின் ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகர்கள் இந்த அட்டவணையை அடுத்த ஜனவரிக்கு முன்னர் ஆக்கித்தர வேண்டும்.