மறுநாளும் வருபவர்

இருபது ஆண்டுகளுக்கு முன் ஷெஃபீல்டில் முதுகலை படித்தபோது, ராயல் ஹாலம்ஷயர் மருத்துவமனையின் உயரமான கட்டடத்தைக் கடந்துதான் தினமும் வகுப்புக்குப் போவேன். அங்கு பணியாற்றிய அந்தோணி பார்க்கரும் சகாக்களும் 1985-இல் ஒரு கம்பிச்சுருளை மனிதரின் தலைமேல் பிடித்து, அவர் கையைத் தானாக அசையவைத்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தட்டச்சு, வீணை, தோசை வார்ப்பது எல்லாவற்றையும் நாம் ‘கைப்பழக்கம்’ என்கிறோம். அந்தப் பழக்கம் கையில் படிகிறதா, மூளையிலா? மூளையில் என்றால், பழகப் பழக அங்கே என்ன மாறுகிறது? இதைச் சோதித்துப் பார்க்க மனிதகுலம் வெகுகாலம் காத்திருக்க நேர்ந்தது. கற்றல் ஒரே நாளில் முடிவதில்லை. அதை ஆராய, இன்று வந்தவர் நாளையும் விரும்பி வரவேண்டும். மூளையைத் தொட்ட முதல் சோதனைகளில் அதற்கு வழியே இருக்கவில்லை.

1870-இல் பெர்லினில் ஃபிரிட்ஷ், ஹிட்சிக் என்ற இருவர் நாயின் மூளைப் புறணியில் மின்சாரம் செலுத்தி, உடலின் மறுபக்கத்துத் தசைகள் அசைவதைக் கண்டார்கள். நான்கே ஆண்டுகளில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ராபர்ட்ஸ் பார்த்தலோ என்ற மருத்துவர் அதை ஒரு மனிதரிடம் செய்து பார்த்தார். வீட்டு வேலை செய்துவந்த மேரி ராஃபர்ட்டி என்ற அந்தப் பெண்ணின் மண்டையோட்டைப் புற்றுப்புண் அரித்திருந்தது. பார்த்தலோ ஊசிகளை மூளைக்குள் செலுத்தினார். கைகால்கள் இழுத்தன. மின்சாரத்தைக் கூட்டியபோது அந்தப் பெண் அழுதார். வலிப்பு வந்து நினைவிழந்தார். சில நாட்களில் இறந்துபோனார். அந்தச் சாவில் மின்சாரத்தின் பங்கு எவ்வளவு என்பது விவாதத்துக்குரியது. கண்டனம் எழுந்தபின் பார்த்தலோ வருத்தம் தெரிவித்தார்.

பின்னாளில் மொன்றியலில் பென்ஃபீல்ட், வலிப்பு நோயாளிகளுக்கான அறுவையின்போது விழித்திருந்தவர்களின் மூளையைத் தூண்டி, எந்த இடம் எந்த உறுப்பை இயக்குகிறது என்று வரைபடம் தயாரித்தார். நோய்க்காகத் திறந்த மண்டையோட்டில் மட்டுமே அது சாத்தியம். 1980-இல் லண்டனில் மெர்ட்டனும் மார்ட்டனும் மண்டையைத் திறக்காமலே, தலைத்தோலின் வழியாக உயர் மின்னழுத்த அதிர்ச்சி கொடுத்துக் கையை அசைத்தார்கள். வேலை நடந்தது, ஆனால் வலித்தது.

பார்க்கர் குழு கையாண்டது 1831-இலேயே ஃபாரடே கண்டறிந்த விதி. மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும். காந்தப்புலத்துக்கு எலும்பு தடையில்லை. சுருளில் ஒரு கணம் பெரும் மின்சாரம் பாய்ந்தால் ‘டக்’ என்று ஓர் ஒலி கேட்கும். எதிர்ப்பக்கக் கைவிரல் துடிக்கும். பெரிய வலி கிடையாது. நலமாக இருக்கும் ஒருவர் இதைச் செய்துகொண்டு வீட்டுக்குப் போகலாம், மறுநாளும் வரலாம்.

அப்படி வந்தவர்களிடமிருந்து 1995-இல் ஒரு விடை கிடைத்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் பாஸ்குவல்-லியோனேயும் சகாக்களும், பியானோ வாசித்துப் பழகாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார்கள். நாளுக்கு 2 மணி நேரம், 5 நாட்கள். விரல் தசைகளை இயக்கும் மூளைப் பரப்பைக் காந்தத் தூண்டலால் அன்றாடம் அளந்தபோது, அது விரிந்துகொண்டே வந்தது. விரலை அசைக்காமல், வாசிப்பதாக மனத்தில் மட்டும் எண்ணிப் பழகிய குழுவுக்கும் பரப்பு விரிந்தது. ஐந்தாம் நாள் அவர்களுடைய திறமை, கையால் பழகியவர்களின் மூன்றாம் நாள் திறமைக்குச் சமமாக இருந்தது. தோலைத் தொடுமுன் சொற்கட்டை வாயால் சொல்லவைக்கும் மிருதங்க ஆசிரியர்களுக்கு இது பெரிய வியப்பாக இருக்காது.

2002-இல் முல்பாகரும் சகாக்களும் வேறொன்றைக் காட்டினார்கள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் விரைந்து கிள்ளும் அசைவைப் பழகியவர்களுக்கு, பயிற்சி முடிந்த கையோடு இயக்கப் புறணியில் விநாடிக்கொரு துடிப்பாக 15 நிமிடம் காந்தத் தூண்டல் கொடுத்தார்கள். புதிதாகப் பெற்ற முன்னேற்றம் கரைந்துபோனது. 6 மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது எதுவும் ஆகவில்லை. கை ஓய்ந்த பின்னும் சில மணி நேரம் மூளை கற்றதைக் கெட்டிப்படுத்திக்கொண்டிருக்கிறது என்பது இதன் பொருள்.

மென்மையான நேர்மின்னோட்டத்தைத் தலையில் செலுத்தினால் இந்தக் கெட்டிப்படுதலைக் கூட்டலாம் என்று 2009-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதன் பிறகு வந்த முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ஆனாலும் ‘மூளையைக் கூர்மையாக்கும்’ கருவிகள் இணையக் கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டன. பிள்ளைகளின் படிப்புக்காக எதையும் வாங்கத் தயங்காத நம்மவர்கள் இதில் மட்டும் கொஞ்சம் தயங்கலாம்.

இத்தகைய ஆய்வில் சேர்பவர் இன்று கையெழுத்திடும் படிவத்தில், எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று ஒரு வரி இருக்கும். மென்பொருள் வேலையில், வாசிக்காமலே ‘சம்மதம்’ அழுத்திப் பழகிய கை என்னுடையது. மேரி ராஃபர்ட்டியைப் பற்றிப் படித்தபின் அந்த வரியை அப்படிக் கடந்துபோக முடியவில்லை. அந்தப் பியானோ ஆய்வில் இரண்டாம் நாள் வந்தவர்கள் வராமலும் இருந்திருக்கலாம். கைப்பழக்கத்தைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு, அவர்கள் வந்ததால் தெரியவந்தது.