தனிக்கதையும் பகிர்ந்த கதையுலகமும்: கொள்ளேகால் வட்டார வாய்மொழிக் காவியங்களை முன்வைத்து

முன்னுரை

அயர்ன் மேன் (2008) தொடங்கி அவெஞ்சர்ஸ் (2012) வழியாக வளர்ந்த மார்வெல் திரைப்படங்கள், தனித்தனி நாயகர்களை ஒரே கதையுலகின் மாந்தர்களாகக் காட்டும் முறையை உலகெங்கும் பரப்பின. தமிழில் கைதி (2019), விக்ரம் (2022), லியோ (2023) ஆகியன இம்முறையைக் கையாண்டன. மலையாளத்தில் மின்னல் முரளி (2021) ஒரு சிற்றூரில் தொடங்கி அங்கேயே முடியும் தனிக்கதையாக அமைந்தது. லோகா (2025) என்னும் படமோ களியங்காட்டு நீலி பற்றிய வாய்மொழிக் கதையை ஒரு தொடர்வரிசையின் முதற்படியாக்கியது. மீநாயகர் கதை தனித்து நிற்றல் வேண்டுமா, பிற நாயகர் கதைகளோடு ஒரே உலகைப் பகிர்ந்துகொள்ளல் வேண்டுமா என்னும் வினா இதனால் எழுந்துள்ளது. எனினும் இவ்வினா திரைப்படத்தோடு பிறந்ததன்று. வாய்மொழிக் காவிய மரபு இதனை நெடுங்காலமாக எதிர்கொண்டு வந்துள்ளது. அம்மரபு கண்ட விடையைக் கொள்ளேகால் வட்டாரச் சான்றுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட்டாரமும் காவியங்களும்

கொள்ளேகால் இன்று கருநாடகத்தின் சாமராசநகர் மாவட்டத்தில் உள்ளது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை அது சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்துள் இருந்து, 1997இல் புதிய மாவட்டத்தின் பகுதியாயிற்று. ஆட்சி எல்லைகள் மாறியபோதும் வழிபாட்டு எல்லைகள் மாறவில்லை. மாதேசுவரன் மலைக்கு ஈரோடு, சேலம், தருமபுரி மாவட்டங்களிலிருந்து தமிழர் பெருந்திரளாகச் செல்கின்றனர். அப்பகுதிகளில் வழங்கும் மாதையன், மாதேசு என்னும் பெயர்கள் இத்தொடர்பின் அடையாளங்களாகும்.

இவ்வட்டாரத்தில் இருபெரும் கன்னட வாய்மொழிக் காவியங்கள் வழங்குகின்றன. ஒன்று மலை மாதேசுவரர் காவியம். இதனைக் கம்சாளே என்னும் வெண்கலத் தாளத்தை இசைத்துத் தேவரகுட்டர் பாடுவர். மற்றொன்று மண்டேசுவாமி காவியம். இதனைத் தம்பூரி ஏந்திய நீலகாரர் பாடுவர். இருதிறத்தாரும் தத்தம் தெய்வத்திற்குத் தீக்கை பெற்றவர்கள். ஒரே நிலத்தில், ஒரே மக்களிடையே வழங்கியும் இவை இருவேறு பாடகர் மரபுகளாகவே நிலைபெற்றுள்ளன. அருகருகே வாழ்தல் என்பது ஒன்றாகிவிடுதல் அன்று என்பது இதனால் விளங்கும்.

சாலு: தனித்து நிற்கும் அலகு

இக்காவியங்களின் பகுதி ஒவ்வொன்றும் ‘சாலு’ எனப்படும். கன்னடத்தில் இச்சொல்லுக்கு வரிசை, உழவுச்சால் என்னும் பொருள்கள் உண்டு. தமிழில் ஏர் ஓட்டிய தடத்தைக் குறிக்கும் ‘சால்’ இதன் இனச்சொல்லாகும். ஒரு சால் தனியே உழப்படுகிறது. சால்கள் பல சேர்ந்தே வயலாகிறது. காவிய அமைப்பும் இத்தன்மையதே.

சங்கம்மா சாலினை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். காட்டிற்குத் தேனெடுக்கச் செல்லும் கணவன் மனைவியின் கற்பில் ஐயுற்று, அவளிடம் ஆணை கேட்கிறான். அவள் மறுக்கிறாள். அவன் அவளைக் கொடுமைப்படுத்திவிட்டுச் செல்கிறான். மாதேசுவரர் வந்து அவளை விடுவித்துப் பிள்ளைப்பேறும் அருளுகிறார். தெய்வங்களையே அடிமைகொண்ட ஸ்ரவணன் என்னும் அரசனை மாதேசுவரர் அழித்த கதையை அறியாதவரும் சங்கம்மாவின் துயரை முழுமையாக உணர்வர். இச்சாலு வேறு எதனையும் முன்னறிவாக வேண்டி நிற்பதில்லை.

ஆயினும், அவளுக்குப் பிறந்த காரய்யா, பில்லய்யா இருவரும் பின்னர் மாதேசுவரரின் அடியவராகின்றனர். ஒரு சாலில் பிறந்த குழந்தைகள் மொத்தக் காவியத்தின் மாந்தராகிவிடுகின்றனர். இதனை முன்பே அறிந்தவருக்குக் கதை ஆழம் பெறுகிறது, அறியாதவருக்குக் குறைபடுவதில்லை. பகிர்ந்த உலகம் கேட்போர்க்குக் கூடுதல் பேறாக அமைகிறதேயன்றிக் கட்டாயமாக அமைவதில்லை.

இணைப்பாக அமையும் நிலம்

இச்சாலுகளை ஒன்றுசேர்ப்பது கதைப்பின்னலைவிட நிலமே எனலாம். மலைமேல் கோயில் எழுப்பியவராகப் போற்றப்படும் ஜுஞ்சேகௌடர், மாட்டினத்திற்குப் பெயர்பெற்ற காவிரிக்கரை ஆலம்பாடியைச் சேர்ந்தவர், குறும்பர் குலத்தவர். சங்கம்மாவின் கதை சோலிகரின் காட்டில் நிகழ்கிறது. குறும்பர், சோலிகர், உழவர் என ஒவ்வொரு குடிக்கும் காவியத்தில் ஓர் இடம் உண்டு. மலைக்கு நடந்து செல்லும் அடியவர் இவ்வூர்களையும் காடுகளையும் கடந்தே செல்கிறார். கதையுலகின் வரைபடம் அவர் காலடியில் விரிகிறது.

மண்டேசுவாமி மரபில் இது மேலும் தெளிவாகப் புலப்படும். மண்டேசுவாமிக்குப் பொப்பேகௌடனபுரம், இராச்சப்பாஜிக்குக் கப்படி, சித்தப்பாஜிக்குச் சிக்கல்லூர் என ஒவ்வொருவர்க்கும் தனித்தனித் திருவிடமும் விழாவும் உள்ளன. கம்மாளர் குடியிற் பிறந்த சித்தப்பாஜி கதைக்குள் குருவின் ஏவலுக்குப் பணிந்தவர். ஹலகூர்க் கம்மாளரிடம் இரும்பைப் பிச்சையாகப் பெற்றுவர அனுப்பப்பட்டவர். ஆனால் கொள்ளேகாலை அடுத்த சிக்கல்லூரில், சனவரி மாத முழுநிலவை ஒட்டி ஐந்து நாள் நடைபெறும் விழாவில் அவரே தலைமைத் தெய்வம். கதையில் சீடர், தம் ஊரிலும் தம் நாளிலும் நாயகர். பகிர்ந்த உலகில் சிறிய நாயகர் கரைந்துபோகாமல் காக்கும் அரண் இதுவேயாகும்.

கல்யாணத்துள் நுழைதல்

ஒரு கதை தன்னினும் பெரிய கதையுலகுக்குள் எந்நிலையில் நுழைகிறது என்பது அடுத்து நோக்கத்தக்கது. மண்டேசுவாமி காவியத்தின் புகழ்பெற்ற பகுதி, அவர் பசவண்ணரின் கல்யாண நகருக்குச் செல்வதாகும். பசவண்ணர் 12ஆம் நூற்றாண்டினர். மண்டேசுவாமியை ஆய்வாளர் காலத்தால் பிற்பட்டவராகவே கருதுவர். காவியம் இக்கால இடைவெளியைப் பொருட்படுத்தவில்லை.

மண்டேசுவாமி கல்யாணத்துள் அருவருக்கத்தக்க கோலத்தில் நுழைகிறார். அங்கே திரண்டுள்ள இலட்சக்கணக்கான சங்கமர்களில் உண்மையடியார் எவர் எனச் சோதிக்கிறார். சோதனையில் போலிகள் வெளிப்படுகின்றனர். ஒடுக்கப்பட்டோரும் கைவினைஞரும் போற்றும் தெய்வம் பெருமரபின் உலகுக்குள் விருந்தினராகவோ ஏவலராகவோ புகாமல் தேர்வாளராகப் புகுகிறது. பெருங்கதை சிறுகதையால் அளக்கப்படுகிறது.

மதுரை வீரன் கதை இதற்கு எதிர்நிலையில் உள்ளது. கதைப்பாடலின்படி வீரன் காசி அரசனுக்குப் பிறந்து, காட்டில் விடப்பட்டுச் சக்கிலியர் குடும்பத்தில் வளர்கிறான். பொம்மியை மணக்கிறான். மதுரையில் திருமலை நாயக்கர் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். முடிவில் மீனாட்சியம்மன் கோயில் வாயிலின் காவல் தெய்வமாகிறான். அரசகுலப் பிறப்பு பிற்காலத்தில் ஏற்றப்பட்டது என்பது ஆய்வாளர் பலர் கருத்து. 1956இல் வெளிவந்த மதுரை வீரன் திரைப்படமும் அரசகுலப் பிறப்பையே ஏற்றது. மீனாட்சியின் பேருலகில் வீரனுக்கு இடம் கிடைத்தது. ஆனால் அவ்விடம் வாயிலிலேயே அமைந்தது. அதற்கு விலையாகப் பிறந்த குடியும் மாற்றியெழுதப்பட்டது. கதையுலகைப் பகிர்தல் என்பது அமைப்புச் சிக்கல் மட்டுமன்று, அதிகாரச் சிக்கலுமாகும் என்பதை இவ்விரு கதைகளின் ஒப்பீடு உணர்த்துகிறது.

அச்சும் திரையும்

மாதேசுவரர் காவியத்தைக் கேசவன் பிரசாத் கன்னடத்தில் பதிப்பித்தார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை சி. என். இராமச்சந்திரன், எல். என். பட் ஆகியோர் செய்ய, 2001இல் சாகித்திய அகாதெமி வெளியிட்டது. பாடகர் பகுதி பகுதியாகப் பாடியவை நூலில் தொடக்கமும் முடிவும் உடைய ஒரே தொடராகின்றன. இதனால் காவியத்தின் பரப்பு முதன்முறையாகக் கண்முன் நிற்கிறது. எனினும், முறைப்படி முதலிலிருந்து படித்தல் வேண்டும் என்னும் எண்ணமும் உடன் பிறக்கிறது. முன்பு கேட்போர் நினைவில் இருந்த இணைப்பு, பக்க எண்ணிற்கு இடம்பெயர்கிறது.

திரைப்படத் தொடர்களில் இவ்வெண்ணம் வணிகத் தேவையாக வளர்ந்துள்ளது. முந்தைய படத்தைக் காணாதவர்க்கு அடுத்த படம் விளங்குவதில்லை. ஒரு படத்தின் முடிவு அடுத்த படத்தின் அறிவிப்பாகிவிடுகிறது. இணைப்பு கதைக்குப் பணிசெய்வதற்கு மாறாகக் கதை இணைப்புக்குப் பணிசெய்கிறது.

முடிவுரை

தனித்து நிற்றல், உலகைப் பகிர்தல் என்பவற்றைக் கொள்ளேகால் வட்டார மரபு எதிரெதிர் நிலைகளாகக் கொள்ளவில்லை. அம்மரபிலிருந்து மூன்று நெறிகளை வகுத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் அலகும் முதன்முறை கேட்பவர்க்கும் முழுமையாதல் வேண்டும். ஒவ்வொரு நாயகருக்கும் தமக்கென ஓர் ஊரும் ஒரு நாளும் இருத்தல் வேண்டும். சிறுகதை பெருங்கதைக்குள் நுழையும்போது தன் பிறப்பை இழக்காமல் நுழைதல் வேண்டும். நீலி போன்ற வாய்மொழித் தெய்வங்கள் திரைத்தொடர்களின் மாந்தராகிவரும் இக்காலத்தில் மூன்றாம் நெறி தனிக்கவனம் பெறத்தக்கது. அவர்கள் அவ்வுலகுக்குள் மண்டேசுவாமியாக நுழைகின்றனரா, மதுரை வீரனாக நுழைகின்றனரா என்பதே நாட்டார் வழக்காற்றியல் எழுப்ப வேண்டிய வினாவாகும்.